அடக்கமாக உட்கார்ந்த மூடி

மெல்லிய மர ஷீட்டை ரம்பம் கொண்டு அறுக்கிறவனை இந்தக் கருத்தக்கண்ணன் பட்டறைக்குள் விடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. ரம்பத்தின் பல் பட்டதுமே ஓரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்துவிடும். கோடு போட்ட இடத்தில் பசை தடவிக் காகிதம் ஒட்டி, அடியில் சமமான பலகை கொடுத்து, கத்தியால் மெல்ல இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் முடிக்கக் கூடாது. திரும்பத் திரும்ப, நோகாமல். கடைசி விரற்கடையை எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முனை பிய்ந்துவிடும். பதறுகிறவனுக்கு இந்த வேலை வராது. நான் பதறுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

போடி ஏலக்காய் வியாபாரி வைகுண்டராஜ் கிறிஸ்தவர்; உயிரோடு இருக்கும்போதே தம் சவப்பெட்டியைச் செய்யச் சொன்னார். எங்கள் ஆட்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கோ ஊரே வாயைப் பிளக்க வேண்டும். மூணாறு எஸ்டேட் துரையின் பங்களாவில் ஒரு மேசையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி தேக்குப் பெட்டி, உள்ளும் புறமும் ஈட்டி மரத்தைத் தாளாகச் சீவிய ஷீட்டு வேண்டும் என்றார்.

மூடி முடிந்த அன்று தடவிப் பார்த்தேன். இரண்டு ஷீட்டுகள் சேரும் இடம் விரலுக்கே தெரியவில்லை. பெற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை என்று என் மனைவி மொக்கம்மாள் இன்றும் குறைப்படுகிறாள்.

மனிதர் சாகத்தான் இல்லை. டாக்டர் கைவிட்டதாகச் சொன்னவர், கோழி சூப் குடித்துக் கன்னம் உப்பித் திரிந்தார். பெட்டி என் பட்டறையில் கிடந்தது. மேல்காற்றோடு சாரல் இறங்கியது. ஈரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. உரித்து, வெட்டி, மறுபடி ஒட்டினேன். அடுத்த சாரலுக்கும் அதே கதை. மனிதன் என்றால் சொன்ன சொல் காப்பாற்ற வேண்டாமா?

போன வியாழக்கிழமை மத்தியானம் வந்தார்.

"கிருபாவதிக்கு இந்தக் கருப்பு பிடிக்கலப்பா. ஷீட்டையெல்லாம் உரிச்சு எறிஞ்சுட்டு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சிரு" என்றார். கிருபாவதி அவர் சம்சாரம்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மூடியை ஊர் பார்க்காமலே போய்விடுமே என்று அதை ஒரு தடவை தடவிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"சரிங்கய்யா. அதுக்கு முன்னால ஒருக்கப் படுத்துப் பாத்துருங்க. உடம்பு போட்டுட்டீக" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே படுத்தார்.

"அடக்கமா இருக்காய்யா?"

"அடக்கமாத்தாம்ப்பா இருக்கு."

"மூடி வச்சும் அடக்கம் பாத்துருவமா?"

"பாத்துரு."

எங்கள் பட்டறையில் அடக்கம் என்றால் பொருத்தம். அவர்கள் சர்ச்சில் அடக்கம் என்றால் புதைப்பது. எந்த அடக்கத்தைச் சொன்னார் என்று நான் எப்படிக் கண்டேன்? அவர் வாயால் சொன்னார், நான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. காற்றுப் புக இடமில்லை. அவ்வளவு சுத்தமான வெட்டு. மேலே நான் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டேன். உள்ளேயிருந்து தட்டினார். ஓரம் பெயர்ந்துவிடுமே என்று, "மெதுவாய்யா, மெதுவா" என்றேன். சத்தம் நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைசி விரற்கடையில் அவசரப்படக் கூடாது அல்லவா.

ஊரே அந்தப் பெட்டியின் பின்னால் நடக்கும் என்று நினைத்தேன். நீங்களோ அவரைப் பாயில் சுருட்டிக் கொண்டுபோய்விட்டு, பெட்டியைச் சாட்சிப் பொருள் என்று ஸ்டேஷன் தாழ்வாரத்தில் சாத்தியிருக்கிறீர்கள். அங்கே ஓடு ஒழுகுகிறது, ஐயா. உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கொன்றது நான்தான். கைநாட்டு எங்கே என்று காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் மூடியின் உட்பக்கத்து ஷீட்டு முழுக்க நகக்கீறலாகக் கிடக்கிறது. அந்தச் சேதத்தை மட்டும் என் பெயரில் எழுதாதீர்கள். அது அவர் செய்தது.