ஆறு மைல் ஆழத்து மண்

சாயங்காலம் மணி ஏழு. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். எண்பத்தொன்றாம் வருடம் என்று ஞாபகம். கோலா கெத்திலிலிருந்து எஸ்டேட் கல்லறைக்குப் போகும் செம்மண் சாலை... இரண்டு பக்கமும் ரப்பர் மரம். மழை விட்டு அரை மணிதான் ஆகியிருந்தது. அவ்வளவு நீளச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவன் சில்வெஸ்டர். பின்னால், மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு அவன் தங்கை அகத்தா.

கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காருங்கள். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு, பிறகு என்னைத் திட்டக் கூடாது. இது நான் கட்டிவிட்ட கதையும் இல்லை. இந்த அகத்தா, என்னோடு கூலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்த ஜோசபினுக்குச் சொந்தச் சின்னம்மா.

அகத்தாவின் புருஷன் ஹெர்பர்ட். எஸ்டேட்டில் பாலுக்கு ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த மனுஷன், நீச்சல்கூட அரைகுறை. அவனைக் கப்பல் வேலைக்கு இழுத்துக்கொண்டு போனதே மச்சான் சில்வெஸ்டர்தான்.

"நான் கூட இருக்கேன்லா. மாப்பிள்ளைய பத்திரமா கொண்டாந்து ஒன் கையில ஒப்படைக்கிறது என் பொறுப்பு" என்று தங்கை தலையில் கை வைத்துச் சொன்னான். அவளும் நம்பினாள். கூடப் பிறந்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அது ஆராய்ச்சிக் கப்பல். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே கடலுக்கடியில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். ஆறு மைல் ஆழம்... வெயில் என்பதையே பார்க்காத இடம். மேலே செத்தது, உதிர்ந்தது, மட்கியது எல்லாம் சறுக்கிச் சறுக்கிக் கடைசியில் அங்கேதான் போய்ப் படியுமாம். அந்த வண்டலில் இரும்புக் குழாயைக் குத்தி மண் எடுப்பதுதான் வேலை. குழாயைக் கட்டிய கம்பி வடம் அடியைத் தொடவே மூன்று மணி நேரமாகும். வடத்தை இறக்கி ஏற்றும் வின்ச்சில் நிற்பவன் சில்வெஸ்டர். தளத்தில் எடுபிடி வேலைக்கு ஹெர்பர்ட்.

ஏழு மாதம் கழித்துச் சில்வெஸ்டர் மட்டும் திரும்பி வந்தான்.

"காய்ச்சல்மா. மூனே நாளு. மணிலாவுல கோயில் கல்லறையிலதான் அடக்கம் பண்ணோம். இந்தா... மாப்பிள்ள குழி மண்ணு."

ஒரு மைலோ மாவு டின் நிறைய மண்ணைக் கொடுத்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் செத்தவனின் குழி மண் வந்து சேர்ந்தால், அதை இங்கே குழி வெட்டி இறக்கி, சிலுவை நட்டு, ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவோம். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அகத்தா அந்த டின்னை முத்தமிட்டுத்தான் உள்ளே இறக்கினாள்.

இரண்டு வருடமாக அந்த இடத்தில் ஒரு புல் முளைக்கவில்லை. நம்மூர் வெயிலிலும் மண் காயவில்லை. அந்தத் திருநாளன்றும் சில்வெஸ்டர் கல்லறை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். அவன் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. அகத்தா மட்டும் போய் முழங்காலிட்டு, மெழுகுவர்த்தியை ஏற்றி, ஊன்றுவதற்காக மண்ணில் கை வைத்தாள்.

ஐஸ்.

வெடுக்கென்று கையை இழுத்தாள். விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிறச் சேறு, வழவழவென்று. உப்பு வாடை... அதோடு அழுகின முட்டை வாடை. கடல் அங்கிருந்து இருபது மைல். உள்ளங்கையில் ஏதோ நெளிந்தது. இறால் மாதிரி. வெள்ளை வெளேரென்று. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"அண்ணே!"

ஓடி வந்தான். பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மணிலா மண்ணுல இது எப்படிண்ணே வந்துச்சு?"

சில்வெஸ்டர் விட்டு விட்டுச் சொன்னான்.

"மணிலா இல்லம்மா. அந்தப் பள்ளத்து மண்ணு... இதெல்லாம் அங்க உள்ளதுங்க. மாப்பிள்ள ராத்திரியில தவறி விழுந்துட்டாரு. மிதவையப் புடிச்சிக்கிட்டு, மச்சான் மச்சான்னு கூப்டாரு. வின்ச்சு கம்பி வயரு கடல் அடியில கெடந்துச்சு. அது கீழ இருக்கற வரைக்கும் கப்பல திருப்ப முடியாது. அறுத்து விடணும். அறுக்குறது என் கையில இருந்துச்சு."

"அறுத்தியாண்ணே?"

"அப்பத்தான் என்னைய வின்ச்சுல போட்டிருந்தாங்க. வயரு போனா என் வேலையும் போயிரும். படகு எறக்குறாங்கல்ல, புடிச்சிருவாங்கன்னு நெனச்சேன்மா... அலையில படகு போகவே முடியல."

வடம் மட்டும் பத்திரமாக மேலே வந்தது, குழாய் நிறைய மண்ணோடு. அந்த மண்ணில் ஒரு டின்னைத்தான் தங்கையிடம் கொடுத்திருக்கிறான். அதைத்தான் அவள் முத்தமிட்டிருக்கிறாள்.

அகத்தா அழவில்லை. இதெல்லாம் பிற்பாடு அவளே ஜோசபினிடம் சொன்னது. கடல்தான் கொண்டுபோயிற்று என்றால் கடலைச் சபிக்கலாம். நம்ப வைத்துக் கழுத்தறுத்த அண்ணனை எந்த வாயால் சபிப்பது?

"நானே தோண்டி எடுத்துர்றேன்மா. கோலா மூடா கடல்ல கொண்டுபோய்க் கொட்டிர்றேன்" என்று கல்லறைக் கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தான். தோண்டினான். முழங்கால் ஆழம்... இடுப்பு ஆழம்... மைலோ டின் வரவில்லை. சதக்... சதக்... சதக்... அப்புறம் சத்தம் நின்றது. அகத்தா மெழுகுவர்த்தியைக் குனிந்து பிடித்தாள். குழிக்குள் ஆள் இல்லை.

"அகத்தா!"

கீழேயிருந்து. கிணற்றைவிட... ரொம்ப, ரொம்பக் கீழேயிருந்து.

கொட்டகையில் சவப்பெட்டி இறக்கும் கயிறு கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தாள். குழி ஓரத்தில் நின்றாள். கயிற்று நுனி கையில் இருந்தது.

"கயித்தப் போடும்மா... அகத்தா... என்னமோ கடிக்குது... நெறைய இருக்கு..."

போட்டிருக்கலாம். அவள் போடவில்லை. அந்தக் குரல் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, ஓயும் வரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகு கயிற்றைச் சுருட்டி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, இருட்டில் நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலையில் குழி வெட்டும் சின்னையா போய்ப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே குழியே இல்லை... தரை கல்லாக இறுகிக் கிடந்தது. போலீஸ் வந்து இரண்டு ஆள் ஆழம் தோண்டிப் பார்த்தது. வெறும் செம்மண்.

அகத்தா இன்னும் இருக்கிறாள். கல்லறைத் திருநாள் தவறாமல் அங்கே போய்விட்டு வருவாள். துணைக்கு யாரையும் சேர்ப்பதில்லை. போன வருடம் ஜோசபின்தான் தைரியமாகக் கேட்டுவிட்டாள். அகத்தா அப்போது குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாளாம்.

"மாமா குழியிலேருந்து எத்தன தடவ கூப்டாரு, சின்னம்மா?"

அகத்தா தலையைத் தூக்கவில்லை. கிள்ளுவதையும் நிறுத்தவில்லை.

"எந்த வருஷத்தக் கேக்குற?"