ஐந்து பேர் ஓய்வெடுக்கும் படம்

இடுப்பு வலிக்கிறது. உட்கார்ந்தே வந்த வலி. இருபத்துநாலு வயதுவரை கல்குவாரியில் பாறை சுமந்தவன் நான். அப்போது ஒரு நாளும் வராதது இப்போது வருகிறது. "கல்லத் தூக்கினப்ப வராத வலி, மவுஸத் தூக்கினா வருதாக்கும்" என்று மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். குறை சொல்ல முடியாத வாழ்க்கை.

வேலை அருங்காட்சியகத்தில். பழைய புகைப்படங்களைக் கணினியில் ஏற்றி, தலைப்பு, நாள், இடம், படத்தில் என்ன என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஞாயிறுதோறும் திரட்டுத் தளம் ஒன்று தானாக வந்து எங்கள் விவரங்களை அள்ளிக்கொண்டு போகும். அதனிடமிருந்து மற்ற தளங்கள் அள்ளும். நான் திங்கட்கிழமை தட்டியதை அடுத்த வாரம் ஊர் உலகமெல்லாம் படிக்கும். பாறை சுமந்தவனுக்கு இது சின்னச் சந்தோஷமா?

ஒரே ஒரு கெடுபிடி. கட்டம் காலியாக இருந்தால் தளம் வாங்காது. 'மரணம்' என்று குறித்தால், அந்தப் படத்தோடு போகும் மொத்தக் கட்டும் பரிசீலனைக் குழுவிடம் ஆறு மாதம் கிடக்கும்.

பத்து வருடத்துக்கு முன் ஒரு பொறியாளர் வீட்டிலிருந்து பெட்டி நிறையப் படங்கள் வந்தன. ஒன்றில், குவாரியில் ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆயிரம் படம் முடித்தால் எனக்கு வேலை நிரந்தரம். தலைப்பில் 'தொழிலாளர்களின் மதிய ஓய்வு' என்று போட்டேன். ஆயிரமும் போயிற்று. மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

போன வருடம், அந்தப் படத்தைத் தளத்தில் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்தார். அந்தக் குவாரியில் வெடி வைத்தவரின் மகள்.

"அண்ணே, மூணாவதா கெடக்கிறது எங்கப்பா. தோள்ல இருக்கிற ஒட்டு எங்கம்மா தச்சது. குவாரிக்காரங்க, அவர் வேலைய விட்டு ஓடிட்டாருன்னு எழுதி வச்சிருக்காங்க. முப்பத்துநாலு வருஷமா எங்கம்மாவ ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் சொல்றாங்க. இது தூங்குற ஆளு இல்லண்ணே."

"பார்க்கலாம்மா" என்றேன். உட்காரவைத்து டீ கொடுத்தேன்.

அப்பா ஓடவில்லை, இறந்துபோனார் என்று பதியச் சொல்லி அவர் விசாரணை அதிகாரியிடம் மனு கொடுத்தார். அதிகாரி தேடிப் பார்த்தார். பதினோரு தளங்கள் 'மதிய ஓய்வு' என்றன. பதினொன்றும் என்னிடமிருந்து அள்ளியவை என்று அவருக்கு யார் சொல்வது? "பதினோரு பேருமா தப்பாப் போடுவாங்க? ஓய்வெடுத்தவரு எழுந்து போயிருப்பாரும்மா" என்று மனுவை மூடிவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவரும் என்னைப் போல் கட்டம் நிரப்புகிறவர்தான்.

திருத்துவது எளிது. ஏற்கெனவே ஏறிய படத்துக்குப் பரிசீலனைக் குழு கிடையாது. இங்கே தலைப்பை மாற்றினால் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலும் மாறிவிடும். ஆனால் என் பெயருக்கு நேரே 'பிழை திருத்தம்' என்று சிவப்பில் விழும். ஒரு சிவப்புகூட வாங்காதவன் என்று அடுத்த மாதம் ஓய்வுபெறும்போது எனக்குக் கேடயம் தருகிறார்கள். மனைவி சுவரில் ஆணியே அடித்துவிட்டாள்.

படத்தைப் பார்த்தபோது தெரியவில்லையா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரிந்தது. ஓய்வெடுக்கிறவன் துண்டைத் தலைக்கடியில் வைப்பான். அவர்களுக்கு முகத்தின்மேல் கிடக்கிறது. அந்தத் துண்டுகளைப் போட்டதே நான்தான். பாறை சரிந்த அன்று ஐந்து பேரையும் இழுத்துவந்து வரிசையாகக் கிடத்தினேன். படத்தின் ஓரத்தில் தெரியும் கை என்னுடையது. மேற்பார்வையாளர் வாயைத் திறக்காதே என்றார். திறக்கவில்லை. பழகிவிட்டால் அது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை.

நான் கெட்டவன் இல்லை. குவாரியில் யாருக்கும் கிடைக்காத மதிய ஓய்வை அந்த ஐந்து பேருக்கு நான்தான் வாங்கிக்கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன், இடுப்பு விட்டால்.

அடுத்த மாதக் கடைசியோடு என் கடவுச்சொல் செல்லாது. வெடிக்காரர் மகளுக்கு நான் தர வேண்டியது ஒரு சொல். 'சடலங்கள்'. இன்னும் தரவில்லை.