முதல் எடை

இப்போது யாருக்கும் தராசைப் பார்க்கப் பொறுமை இல்லை. இரும்பை இறக்கிப் போட்டுவிட்டுப் போனைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் எடை குறைகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். காக்களூர் எஸ்டேட்டில் காயலான் கடை ஒன்றில் முப்பது வருஷமாக எடை போடுகிறவன் நான். பெயிண்ட் டப்பாவுக்குள் மண், பைப்புக்குள் ஈர மணல், தட்டின் ஓரத்தில் தெரியாமல் ஒரு கால். எல்லாத் திருட்டும் பார்த்தாயிற்று. ஒருவனையும் விட்டதில்லை. மனுஷன் பேச்சை நான் நம்புவதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. நீங்கள் எழுதுவதையும் படித்துக் காட்டினால்தான் கைநாட்டு வைப்பேன்.

என் மகள் நர்மதா நன்றாகச் சாப்பிடுகிறவள். பெரியபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலை. அவன் அம்மா பூவம்மாள் கேசரியைத் தின்றுகொண்டே சொன்னாள்: "பொண்ணு லட்சணமாத்தான் கீது. இன்னா, எம்புள்ள பக்கத்துல நின்னா ரெண்டாளு கணக்கா தெரியும். கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. என் மனசிலும் அதுதான் இருந்தது.

எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை காலை தராசுக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிய பிறகுதான் முதல் எடை. ராசியான சரக்காகப் பார்த்து ஏற்றுவோம். அந்த வாரம் நர்மதாவை ஏற்றினேன். லோடு இறக்கும் பென்னி, "இன்னாண்ணே, பொண்ணையும் கிலோ கணக்குல போடப் போறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நர்மதாவும் சிரித்தாள். நான் எடையை உரக்கச் சொன்னேன். நாலு பேர் காதில் விழுந்தால்தான் ரோஷம் வரும்.

வந்தது. சோற்றை விட்டாள். கொஞ்சம் தின்றதையும் பின்பக்கம் போய்க் கக்கிவிட்டு வருகிறாள் என்று என் சம்சாரம் கங்கம்மா சொன்னாள். வாரா வாரம் எடை இறங்கியது. பூவம்மாள் முகூர்த்தம் குறித்தாள். போதும் என்றேன். நர்மதாவால் நிறுத்த முடியவில்லை. எலும்பாகிவிட்ட கையைக் கிள்ளிக் காட்டி, "இன்னும் கீது, நைனா" என்பாள். ஒருநாள் மயங்கி விழுந்தாள். இதயம் பலவீனமாகிவிட்டது, எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்றார் டாக்டர். டாக்டர்களை நான் நம்புவதில்லை. ஆனால் விஷயம் பூவம்மாள் காதுக்குப் போய், சீக்காளிப் பெண் எதற்கு என்று இழுத்தாள்.

எடை ஏற வேண்டும் என்று நர்மதாவிடம் சொன்னேன். ஏறியது. ஐந்து வெள்ளியும் ஏறியது.

முதல் வெள்ளியே எனக்குத் தெரியும். தட்டில் ஏறும்போது பாவாடைக்குள் இரும்பு உரசியது. எங்கள் குவியலிலிருந்து எடுத்த போல்ட்டுகள். துணியில் முடிந்து இடுப்பில் கட்டியிருந்தாள். கன்னம் ஒட்டிக் கிடக்கிறது, எடை ஏறுகிறது. எனக்கா புரியாது?

மூன்றாவது வெள்ளி, எடை சொன்ன பிறகும் அவள் தட்டைவிட்டு இறங்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"நீதான் யாரையும் வுடமாட்டியே, நைனா."

"எறங்கு" என்றேன்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பூவம்மாள் கைகழுவிவிடுவாள். தாலி ஏறிவிட்டால் தானாகச் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். எடைச் சீட்டைப் பூவம்மாளிடம் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கங்கம்மா கெஞ்சியபோதும் அதைத்தான் காட்டினேன். "ஏறிக்கினுதானே கீது, அப்புறம் இன்னா?"

ஐந்தாவது வெள்ளி, கற்பூரம் அணைவதற்குள் தட்டின் மேலேயே சரிந்தாள். தூக்கினேன், கனத்தாள். முடிச்சை அவிழ்த்துப் போல்ட்டுகளைக் குவியலில் போட்டேன். மறுபடி தூக்கினேன், கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னேன்.

ஆமாம், தெரிந்துதான் விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாண ரவிக்கையைப் போட்டுத்தான் அவளை எடுத்தோம். தொளதொளவென்று தொங்கியது. நீதான் கொன்றாய் என்று கங்கம்மா என் சட்டையைப் பிடித்தாள். சீட்டில் இருந்த எடைக்கு அந்த ரவிக்கை சரியாக இருந்திருக்க வேண்டும். தையற்காரி ஹெலன் அளவெடுத்ததில்தான் கோளாறு.

கைநாட்டு வைத்தாயிற்று. நாளைக்குக் கூப்பிட்டால் வருகிறேன். அதற்கு முன்னால் ஹெலன் கடைக்குப் போய், அந்த அளவு நோட்டை ஒரு தரம் பார்க்க வேண்டும்.