ஒன்பதாம் கிடங்கின் கடைசி ரீல்

தலைமை ஏற்றிருக்கும் கலைச் சங்கத் தலைவர் டத்தோ சபாபதி அவர்களே! மேடையில் இடம் கிடைத்த பெரியவர்களே! கிள்ளானிலிருந்தும் பண்டமாரானிலிருந்தும் பஸ் பிடித்து இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்து, இடம் கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் துறைமுகத் தொழிலாளத் தோழர்களே! முன்வரிசையில் வெள்ளைப் புடவையில் அமர்ந்திருக்கும் என் தங்கை தங்கமணியே! எல்லோருக்கும் பாலசுந்தரத்தின் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் மறைந்த நம் ரெங்கசாமியை 'கலைச்சுடர்' என்றார்கள். நல்ல பட்டம். எப்போது கொடுத்தீர்கள்? போன செவ்வாய்க்கிழமை சங்கம் கூடிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமையே அவனுக்குக் கொள்ளி வைத்தாகிவிட்டது! உயிரோடிருந்தபோது ஒரு துண்டு போர்த்த மனம் வராதவர்கள், செத்தவனுக்குச் சுடர் ஏற்றுகிறோம்.

என் பின்னால் தொங்கும் இந்தப் பதாகையைப் பாருங்கள். 'ஒன்பதாம் கிடங்கு புகழ் ரெங்கசாமி' என்று எழுதியிருக்கிறது. கீழே போட்டிருக்கும் படம் யாருடையது? குருவிக்கூடு போல முடி வளர்த்து, கையில் பேஸ் கிடாரோடு நிற்கும் அந்த ஆசாமி யார்? நான்! அது 'ஒன்பதாம் கிடங்கு' இசைத்தட்டின் அட்டை. செத்தவன் முகம் கிடைக்கவில்லை என்று சங்கத்துச் செயலாளர் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் அவன் மனைவி தங்கமணி கொடுத்திருப்பாள். பண்டமாரானுக்கு லோரி போகிறது, பஸ் போகிறது, செயலாளருக்குத்தான் வழி தெரியவில்லை.

இளைஞர்களே, உங்களில் பாதிப் பேருக்கு 'ஒன்பதாம் கிடங்கு' ஒரு சினிமாப் படம் என்றே தெரியாது. எழுபத்தேழாம் ஆண்டு அதை எடுத்தவன் ரெங்கசாமி. அவன் துறைமுக லோரி டிரைவர். நடித்தவர்கள் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள். லீவு நாளில் படப்பிடிப்பு, மற்ற நாளில் மூட்டை. அந்தப் படத்துக்கு இசையமைத்தது நான், ரயில்வே குமாஸ்தா. கப்பல்காரர்கள் கொண்டுவந்து விற்ற அமெரிக்க ரெக்கார்டுகளைக் கேட்டுக் கேட்டு, ஃபங்க் என்ற அந்த ஆட்டம் போடும் இசையை விரலில் ஏற்றி வைத்திருந்தேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ரெங்கசாமி மகா மேதை என்று இங்கே ஒருவர் கண் கலங்கினார். அவர் படத்தைப் பார்த்ததில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது! முதல் பாதியில் காமிரா குடிகாரன் போலத் தள்ளாடும். கதாநாயகி வசனம் மறந்து காமிராவையே முறைத்துப் பார்ப்பார். ஆனால் ஒரு காட்சி இருந்தது. அதை எடுக்கத்தான் அவன் படமே எடுத்தான்.

அவன் அப்பா அய்யாவு, நம் துறைமுகத்துக்கு போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்தில், அந்த ஒன்பதாம் கிடங்கில் அரிசி மூட்டை சரிந்து நசுங்கிச் செத்தவர். அளவுக்கு மேல் அடுக்கச் சொன்ன குத்தகைக்காரர் விசாரணையில் சாட்சி சொல்ல வந்து, 'அய்யாவு குடித்திருந்தார்' என்றார். வாழ்நாளில் கள்ளைத் தொடாத மனிதர்! கேட்டவர்கள் தலையாட்டினார்கள். 'குடிகாரன் பெண்டாட்டி' என்ற பெயரோடு பவுனம்மாள் பிள்ளையை வளர்த்தார். அந்தப் பெயரைத் துடைக்கத்தான் மகன் படம் எடுத்தான். வேறு எந்தக் கலைத்தாகமும் அவனுக்குக் கிடையாது.

அந்த விபத்துக் காட்சிக்கு என்னிடம் வந்தான். "அண்ணே, பலகை மேல மூட்டையோட ஓடுறாங்கல்ல, அந்தக் கால் சத்தம் மாதிரி வேணும். வேகம் ஏறிக்கிட்டே போவணும். மூட்ட சரியுற எடத்துல டக்குனு நிப்பாட்டிடுங்க. அதுக்கப்புறம் படம் முடியுற வரைக்கும் மியூசிக்கே வேணாம்" என்றான். "கடைசி ரீல் முழுக்கவா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, எங்கம்மா பேசும்" என்றான். 'லோரி வருது லோரி' அப்படிப் பிறந்தது. நல்ல பாட்டு! இன்றைக்கும் மார் தட்டிச் சொல்வேன், அதைப்போல் ஒன்றை நானும் மறுபடி போடவில்லை, வேறு எவனும் போடவில்லை. கொடுமையே அதுதான். பாட்டு மட்டமாக இருந்திருந்தால் படம் பிழைத்திருக்கும்.

படம் வருவதற்கு முன்பே இசைத்தட்டு வந்துவிட்டது. மினி பஸ்ஸில் அந்தப் பாட்டு. கல்யாண விருந்தில் அந்தப் பாட்டு. பாசாரில் மீன் வெட்டுகிறவர் கத்தி அந்தத் தாளத்தில் விழுந்தது! பாட்டைப் பார்க்க கிள்ளான் கொட்டகைக்குக் கூட்டம் வந்தது. பவுனம்மாள் புதுச்சேலை கட்டி நடு வரிசையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்களுக்குப் பின் இருக்கை.

விபத்துக் காட்சி வந்தது. கொட்டகையே எழுந்து ஆடியது! மூட்டை சரிந்தது. பாட்டு டக்கென்று நின்றது. ஆடிக்கொண்டிருக்கிற கூட்டத்துக்குப் பாட்டு நின்றால் என்ன தெரியும்? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? "ஒன்ஸ் மோர்!" நாற்காலியை உதைத்து, விசிலடித்து, "ஒன்ஸ் மோர்!" ஆபரேட்டர் ரீலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டார். மறுபடி ஓடினார் அய்யாவு. மறுபடி நசுங்கினார். மறுபடி விசில். அந்த அம்மா மகன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது என் காதில் விழுந்தது.

"ஏன் தம்பி, ஒங்கப்பாவ எத்தன வாட்டி கொல்லப் போறாங்க?"

பாட்டு அலுத்ததும் கூட்டம் எழுந்து போய்விட்டது. இனிமேல் பாட்டு இல்லை என்று இசைத்தட்டு வாங்கியவர்களுக்கு முன்பே தெரியும். இசை இல்லாத ரீலில் எனக்கென்ன வேலை என்று நானும் எழுந்தேன். வாசலில் பத்திரிகைக்காரர்கள் என் கையைக் குலுக்கக் காத்திருந்தார்கள். உள்ளே திரையில் பவுனம்மாள் பேசத் தொடங்கினார். என் புருஷன் குடிக்கவில்லை, நடந்தது இதுதான் என்று பேசினார். கீழே காலி நாற்காலிகளுக்கு நடுவில் அதே பவுனம்மாள் உட்கார்ந்து, தான் பேசுவதைத் தானே கேட்டார். அடுத்த நாளிலிருந்து கொட்டகைக்காரர் கடைசி ரீலைப் போடுவதையே நிறுத்திவிட்டார். கரண்டு மிச்சம் என்றாராம்.

இந்த மண்டபத்தில் அந்தக் கடைசி ரீலைப் பார்த்தவர் யார்? கை தூக்குங்கள். டத்தோ அவர்களே? இல்லையா? செயலாளர்? கண்ணாடியைத் துடைக்கிறார். தங்கமணி, நீ கையை இறக்கம்மா. உன்னைக் கேட்கவில்லை.

பிறகு பதினேழு வருஷம் அவன் செய்த தொண்டு என்ன? சங்கத்து ஆண்டுவிழா தோறும் ரீல் பெட்டியைச் சுமந்து வந்தான். "ஒரு தடவ முழுசா போடுங்க" என்றான். டத்தோ அவர்கள் பெருந்தன்மையோடு சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "பாட்டு சீன் மட்டும் போடலாமே ரெங்கா. மத்ததெல்லாம் ஒரே அழுக லா. ஃபேமிலியோட வந்திருக்காங்க." போன வருஷம் லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இசைத்தட்டோடு பண்டமாரானுக்கே வந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நீங்கள் இதில் எந்த வாத்தியம் வாசித்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நம் ஆள் சொன்னான், "நான் லோரி ஓட்டுனேன் சார்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிப்பு உங்களுக்கு எப்போதும் நன்றாக வரும். போன ஞாயிறு அவன் சவப்பெட்டிக்கு முன்னால் உறுமி மேளத்தில் எந்தப் பாட்டை அடித்தீர்கள்? எந்தப் பாட்டுக்குத் தெருவில் புரண்டு ஆடினீர்கள்? அப்பன் செத்த பாட்டை அடித்து மகனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன ஊர் உலகத்தில் நம் ஊர் ஒன்றுதான்! நேற்று தங்கமணி என் வீட்டுக்கு வந்தாள். பந்தலில் அழாதவள் என் வீட்டு வாசலில் அழுதாள். "அண்ணே, கூட்டத்துல ஒங்க பாட்ட ஒரு நாளு விட்டுடுங்க. எங்க மாமியார் பேசுறத மட்டும் போடுங்க. அதத்தான் அவரு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தாரு. அப்புறம் நீங்க என்ன வேணா வாசிச்சுக்குங்க" என்றாள்.

நிகழ்ச்சி நிரலில் என் உரைக்குப் பிறகு என்ன அச்சடித்திருக்கிறது? 'இசையஞ்சலி: லோரி வருது லோரி.' டத்தோவின் யோசனை. வாத்தியங்கள் மேடையில் தயார். ஆனால் வாசிக்க முடியாது. ஆம்ப்ளிஃபயர் வயர்களைக் கழற்றி என் ஜிப்பா பையில் வைத்திருக்கிறேன். வேண்டுமானால் டத்தோ அவர்கள் வந்து கையை விட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

அவனுடைய பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். இனிமேல் 'ஒன்பதாம் கிடங்கு' முழுதாக ஓடாத எந்த மேடையிலும் அந்தப் பாட்டை வாசிக்க மாட்டேன். வாசிக்கச் சொல்லி எவர் வந்தாலும், என் சொந்த மகள் கல்யாணமே ஆனாலும், மாட்டேன். தோட்டங்களில் படம் காட்டும் நம் விஜயன் மேரு பக்கம் திரை கட்டட்டும், டெங்கில் பக்கம் கட்டட்டும், பெட்டியை நான் சுமக்கிறேன். ஒருவர் வந்தால் ஒருவருக்குப் போடுவேன்.

விஜயன் இப்போது பின்னால் புரொஜெக்டரோடு நிற்கிறார். கடைசி ரீல் மாட்டியாகிவிட்டது. அதில் ஆட்டம் இல்லை, பாட்டு இல்லை, ஒரு கைம்பெண் உட்கார்ந்து பேசுகிறாள். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், மகனும் போய்விட்டான். நீங்கள் கேட்டாலும் ஒன்றுதான், கேட்காவிட்டாலும் ஒன்றுதான், அவர்களுக்கு. தங்கமணிக்கு அப்படி இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கவும் வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

அதோ, டத்தோ எழுந்துவிட்டார். அவசர வேலை. செயலாளரும். பின்வரிசையில் இன்னும் சிலர் செருப்பைத் தேடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஐயா.

விஜயன், விளக்கை அணையுங்கள். இருட்டில் யார் எழுந்து போனார் என்று யாருக்கும் தெரியாது. உங்களுக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அவ்வளவுதான்.