‘நல்லா இருக்கேன்’ என்ற பதிலுக்குப் பிறகு

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, போதகர் அவர்களே; முற்றத்தில் மக்காச்சோள மாவில் ‘நசீமா’ களி கிண்டிய கரண்டியை வைத்துவிட்டு வந்திருக்கும் நோயாளிகளின் சொந்தக்காரர்களே; பின்னால் நின்றுகொண்டிருக்கும் என் துப்புரவுத் தோழர்களே! உங்களுக்கு மட்டும் நாற்காலி போடவில்லை. அதையும் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நான் தடாலா. இன்று நாம் அஞ்சலி செலுத்தும் எலுபி சிகாபா அம்மாவோடு பெண்கள் வார்டில் ஆறு ஆண்டுகள் தரை துடைத்தவள்.

சற்றுமுன் இயக்குநர் ஐயா சொன்னார், "எலுபி அமைதியின் வடிவம். ஒருநாளும் குறை சொன்னதில்லை" என்று. அமைதிதான் ஐயா. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்களா?

நம் ஊரில் காலையில் ஒருவரைப் பார்த்தால் "எப்படி எழுந்தீங்க?" என்போம். "நல்லா எழுந்தேன், நீங்க?" என்பதே பதில். சாகக் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார்; அதுதான் மரியாதை. எலுபி அம்மா வேலைக்குச் சேர்ந்த வருடம், ஒன்பதாம் படுக்கைப் பெண்ணும் அப்படித்தான் சொன்னாள். இவர் துடைத்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். மதியம் வந்து பார்த்தால் படுக்கை காலி.

அன்றிலிருந்து ஒவ்வொரு படுக்கையிலும் துடைப்பானைக் கீழே வைப்பார். அந்த முதல் பதில் முடியும்வரை காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு வரும்: வலி, பயம், வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தை. அதைச் செவிலியரிடம் போய்ச் சொல்வார்.

நான் கிண்டல் செய்வேன். "என்னக்கா, வேலைக்கு வந்தியா, ஊர்க்கதை பேச வந்தியா?"

"தரை எங்கடி ஓடிடப் போகுது? நீ போய் உன் பக்கத்தைத் தொடை."

"இந்தச் சம்பளத்துக்கு உனக்கு இதெல்லாம் தேவையா?"

"சம்பளம் தரைக்குடி. இது எனக்கு. இது இல்லாம வீட்டுக்குப் போனா ஒரு வாய் உள்ள எறங்காது."

அவருடைய அமைதி அங்கிருந்து வந்தது! பொறுத்துப்போனதால் வந்ததல்ல.

குறை சொன்னதில்லையா? குளோரின் நெடியில் நெஞ்சு அடைக்கிறது, முகக்கவசம் வேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் கேட்டார். மேற்பார்வையாளர் சிரித்தார். இயக்குநர் ஐயா, நீங்கள் தாழ்வாரத்தில் கடந்துபோகும்போது "எப்படி இருக்கீங்க எலுபி?" என்பீர்கள். இருமலை விழுங்கிக்கொண்டு "நல்லா இருக்கேன், நீங்க?" என்பார். நீங்கள் நிற்கவில்லை. ஐயா, உங்களை மட்டும் சொல்லவில்லை. பக்கத்திலேயே துடைத்துக்கொண்டிருந்த நானும் நிற்கவில்லை. அந்த இருமலே அவரைக் கொண்டுபோனது. வார்டு முழுவதையும் கேட்ட ஒருத்தியை, கேட்க ஒருவரும் இல்லை!

இப்போது தலைநகர் லிலோங்வேயிலிருந்து ஒரு துப்புரவு ஒப்பந்தக்காரர் வந்திருக்கிறார். திங்கள் முதல் ஒரு வார்டைத் துடைத்து முடிக்க நாற்பது நிமிடம்தான். நோயாளியோடு பேசினால் வேலை போகும் என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கிறார்; சம்மதம் என்று எங்களைக் கையெழுத்துப் போடவும் சொல்கிறார். எலுபி அம்மாவின் படத்துக்கு மாலை போட்ட கையோடு இதற்கும் கையெழுத்துப் போடப் போகிறோமா?

தோழர்களே, நான் போடமாட்டேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. வேலை போனால் என்ன ஆகும் என்று தெரிந்தே சொல்கிறேன். முகக்கவசம் வரும்வரை குளோரின் வாளியைத் தொடமாட்டேன். வெறும் தண்ணீரில் துடைப்பேன். ஒவ்வொரு படுக்கையிலும் நிற்பேன். உங்களையும் நிறுத்திக் கேட்பேன். "நல்லா இருக்கேன்" என்று தப்பிக்க விடமாட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழுக்குத் தொடங்கினால் பெண்கள் வார்டு முடியப் பத்து மணி ஆகும். கடிகாரத்தோடு வருகிறவர்கள் வரட்டும்.