பொட்டு வைக்க ஒரு முகம்

கரவனெல்லையிலிருந்து தெரணியகலைக்கு ஏறும் மாலை பஸ். எனக்கு முன் இருக்கையில் ரப்பர் பால் மணக்கும் தாயும், டவுன் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளும். மகளின் மடியில் சட்டம் போட்ட படம். முழுக்கக் கறுப்பு, நடுவில் மஞ்சளாய் ஒரு தீற்றல்.

"நாளைக்குத் தெவசம். இதுல எங்கடி பொட்டு வைக்கிறது? மூஞ்சியே இல்லையே."

"அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லையேம்மா. ஞாபகத்துல இருந்தத கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன்."

"கரண்ட் போன லயத்து வீடு மாதிரி இருக்கு."

"சின்னப்புள்ளையில நான் முழிக்கிறப்போ ஒரே இருட்டா இருக்கும். அப்பா தலையில லைட்டக் கட்டிக்கிட்டு பால் வெட்டப் போவாரு. அந்த வெளிச்சந்தாம்மா எனக்கு அப்பா."

தாய் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மலையேறிக் களைத்த பஸ் முனகியது.

"அது நான்டி. நீ பொறந்ததுலேருந்து அவரு எழும்பி வேலைக்குப் போகல. வெட்டப் போனதெல்லாம் நான்தான். உசுரோட இருக்கிறவளுக்கா மாலை போடப் போற?"

மகள் படத்தை வாங்கி மடியில் கவிழ்த்தாள்.

"அப்ப அப்பா எங்கம்மா இருந்தாரு?"

"உன் பக்கத்துலதான். நீ முழிச்சிரக் கூடாதுன்னு துண்ட வாயில வச்சு இருமிக்கிட்டுக் கிடந்தாரு."