சாம்பல்தீவு வளைவும் என் இடக்கையும்

என் பெயர் யோகலிங்கம். காலை ஐந்து மணிக்கு எழுந்து, சீனியில்லாத் தேநீர் அருந்தி, மஹ்ரூப்பின் முகநூல் பக்கத்தில் பிறர் இடும் கருத்துகளின் எழுத்துப்பிழைகளைத் திருத்துவது என் வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு வேறு பொழுதுபோக்குகளும் உண்டெனக் கேள்விப்பட்டிருக்கிறேன்.

மஹ்ரூப் என் பழைய மாணவன். கொழும்பு அணியொன்றில் சம்பளத்துக்கு ஓடும் நெடுந்தூரச் சைக்கிளோட்ட வீரன். அவனுடைய பக்கத்தை நடத்தும் பொறுப்பை நானாகவே கேட்டு வாங்கினேன். இரண்டு வருடத்தில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் என்னிடம் படித்தவர்கள். விலகினால் நான் கண்டுபிடித்துவிடுவேனென்று அஞ்சியிருக்கலாம். அவர்களுள் மூவர், வெவ்வேறு பெயர்களில், நானே.

"சேர், உங்கட பதிவை வாசிச்சா சோதனைக்கு இருந்த மாதிரிக் கிடக்கு," என்றான் மஹ்ரூப் ஒருநாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "பத்தாயிரம் பேராவது சேராட்டி அடுத்த வருஷம் எனக்கு அணியில இடமில்லையாம்."

பயிற்சி நாட்களில் நான் ஸ்கூட்டரில் அவனுக்கு முன்னே போவேன். சாம்பல்தீவுப் பக்கம் விடியும் வேளையில் மாடுகள் தார் வீதியிலேயே படுத்துக் கிடக்கும். வளைவின் முனையில் நின்று பார்ப்பேன். மாடு கிடந்தால் இடக்கையை உயர்த்துவேன். அவன் பிரேக் பிடிப்பான். கை உயராவிட்டால் தலையைக் குனிந்தபடி முழு வேகத்தில் வருவான். என்மீது அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

தை மாதத்தில் நாயொன்று குறுக்கே பாய்ந்து அவன் விழுந்தான். உரசிய முழங்கையின் படத்தை இட்டேன். கண்ணாடியை மறந்து வந்திருந்தமையால் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரே நாளில் நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். என் இலக்கணம் இரண்டு வருடத்தில் செய்யாததை அவனுடைய தோல் ஒரு காலையில் செய்துவிட்டது. காயம் ஆறியதும் எண்ணிக்கை நின்றுபோயிற்று.

மாசியில் ஒரு காலை வளைவின் முனையில் நின்றேன். அப்பால் ஐந்து மாடுகள் கிடந்தன. வலக்கையில் கைத்தொலைபேசி இருந்தது. படம் ஆடாமலிருக்க அதை இடக்கையாலும் தாங்கிக்கொண்டேன்.

அவனுடைய தோளெலும்பும் மூன்று விலாவும் முறிந்தன. மாடுகளுக்கு ஒன்றுமில்லை. காணொளியை இட்ட மறுநாள் பின்தொடர்வோர் ஓர் இலட்சத்தைத் தாண்டினர்.

ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ஸல்ஹா அழுதாள். "நீங்க அதில நிண்டதாலதான் சேர், எங்கட அவர் உசிரோட இருக்கார்." அதையும் பேச்சு வழக்கு நீக்கிப் பதிவிட்டேன்.

மஹ்ரூப் கட்டிலிற் கிடந்தபடி கேட்டான்: "கை காட்டினீங்களா சேர்? நான்தான் கவனிக்கல்லையா?"

"ஓம், காட்டினனான்," என்றேன். முப்பத்தாறு வருட ஆசிரியப்பணியில் இல்லாத வழக்கமாக, மாணவனொருவனுக்கு அன்றுதான் அறிந்தே பிழையான விடை சொன்னேன்.

"அப்ப பிழை என்ர பக்கம்தான்," என்றான் அவன். அணி அவனுடைய இடத்தை உறுதிசெய்தது. ஆகவே நான் அவனுக்கு நன்மையே செய்திருக்கிறேன்.

ஆறு மாதமாகிறது. எண்ணிக்கை மறுபடியும் சரியத் தொடங்கியுள்ளது. வரும் திங்கட்கிழமை மஹ்ரூப் சைக்கிளில் ஏறுகிறான். முன்னே போக என்னையே கேட்டான். போவதென்று தீர்மானித்திருக்கிறேன். மாடு கிடந்தால் கையை நிச்சயம் உயர்த்துவேன். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றியாயிற்று; அது வெறும் முன்னெச்சரிக்கை.